அவன் ஆபீசில் இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன்

போன வருஷம் சபையில் இதே மைக்கைப் பிடித்துத்தான் என் தங்கை ஷீபாவுக்கு ஆஸ்திரேலியாவில் படிக்க வீசா கிடைத்ததற்கு நன்றி சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? "ஏஜென்ட் நம்ம சபை பிரதர்தான், நம்பிப் போங்க" என்று விளம்பரமும் செய்தேன். என் வாய் அப்படி.

ஷீபா அங்கே போய்ச் சேர்ந்த சில மாதங்களில் அந்த ஏஜென்ட் அவளை வேறு காலேஜுக்கு மாறச் சொன்னான். பழைய காலேஜிலிருந்து விலகினாள். புதிய காலேஜில் சேர்த்துவிட்டதாகச் சொன்னான். சேர்க்கவே இல்லை. எங்கும் படிக்காமல் இருப்பது ஏன் என்று விளக்கம் கேட்டு வீசா ஆபீசிலிருந்து வந்த மெயில்களும் அவனுக்கே போயின. விண்ணப்பத்தில் தன் மெயில் ஐடியைத்தான் போட்டிருந்தான். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷீபா போனில் அழுதாள். வீசா ரத்து. லிங்கராஜபுரத்தில் என் மெக்கானிக் ஷாப்பிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தேன். மனைவி எஸ்தர் பைக்கை மறித்தாள். தள்ளினேன். படியில் விழுந்து அவள் நெற்றி கிழிந்தது. நான் நிற்கவில்லை.

வழியெல்லாம் ஜெபித்தேன். "ஆண்டவரே, அவன் ஆபீஸ்ல இருக்கணும். தப்பிக்கக் கூடாது." அதுதான் என் ஜெபம்.

இருந்தான். முதல் அடியில் கண்ணாடி மேஜை நொறுங்கியது. அடுத்தது அவன் தோளில். எலும்பு உடைந்த சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். மூன்றாவதாகத் தலையைக் குறிவைத்து ஓங்கினேன்.

போன் அடித்தது. ஷீபாவுக்கென்று வைத்திருந்த ரிங்டோன். எடுத்தேன்.

"அண்ணா, அவர ஒண்ணும் பண்ணிடாதீங்க! அந்த மெயிலெல்லாம் அவர்கிட்டதான் இருக்கு. அது இருந்தாதான் எனக்கு நோட்டீஸே வரலன்னு அப்பீல்ல காட்ட முடியும். அப்பீல் போட ரெண்டு நாள்தான் இருக்குண்ணா."

கிழிந்த நெற்றியோடு முழங்கால் போட்டு ஜெபித்த எஸ்தர், எழுந்ததும் ஷீபாவுக்குப் போன் செய்திருக்கிறாள்.

ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. அவன் ஒற்றைக் கையால் லாப்டாப்பைத் திறந்து எல்லா மெயிலையும் ஷீபாவுக்கு அனுப்பினான். தவறு தன்னுடையது என்றும் எழுதினான். என் அடிக்குப் பயந்தா, மனசாட்சிக்குப் பயந்தா, தெரியாது. நான்தான் அவனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியில், "வலிக்குது பிரதர்" என்றான். நான் உடைந்து அழுதேன்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் அப்பீலில் ரத்தை நீக்கிவிட்டார்கள். ஷீபா இப்போது காலேஜுக்குப் போகிறாள். ஸ்தோத்திரம்!

கொல்வதற்காக அவன் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன். ஷீபாவைக் காப்பாற்றுவதற்காக ஆண்டவர் அவனை அங்கே உட்கார வைத்திருந்தார். என் கோபத்தையும் அன்றே எடுத்தார். எஸ்தர் நெற்றித் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன்.

என் பேச்சை நம்பிப் பிள்ளைகளை அனுப்பியவர்களே, என்னை மன்னியுங்கள். விண்ணப்பத்தில் யாருடைய மெயில் ஐடி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பார்த்துவிட்டு முழங்கால் போடுங்கள். இப்படிப்பட்ட என் ஜெபத்தையே கேட்டவர், உங்கள் ஜெபத்தைக் கேட்காமல் போவாரா?