ஸ்டியரிங்கம்மா ஓட்டிய நான்கு தலைமுறை

அந்தக் கார் தொழிற்சாலையில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் ஸ்டியரிங்கம்மா. புது வண்டியை விற்பனைக்கு விடும் முன் சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்த்து, எங்கே உதறுகிறது, எங்கே வழுக்குகிறது, வளைவில் எப்படிச் சாய்கிறது என்று சொல்வது அவள் வேலை. சேர்ந்த புதிதில், "இந்தப் பொண்ணா ஓட்டப்போகுது?" என்று உதட்டைப் பிதுக்கிய மெக்கானிக் மாமா, ஒரு சுற்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இறங்கியதும் குனிந்து தன் கால்களைத் தடவிப் பார்த்தார். "ரெண்டும் இருக்கு," என்றார். அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான்.

நாலு கதவும் தனி டிக்கியும் வைத்த நடுத்தரக் கார்கள் அந்தக் காலத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தவர்களைப் போல அசைந்து அசைந்துதான் போகும். குடும்பத்துக்கும் ஆக வேண்டும், ஓட்டுகிறவன் மனசும் துள்ள வேண்டும் என்று ஒரு கார் செய்ய முதலாளிக்கு ஆசை வந்தது. அப்படிப் பிறந்ததுதான் அந்த வண்டி. பின்னால் அது நான்கு தலைமுறை கண்டது. தொழிற்சாலையில் யாரும் தலைமுறை என்று சொல்வதில்லை. மூத்தவள், இரண்டாமவள், மூன்றாமவள், கடைக்குட்டி. வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான் பேசிக்கொள்வார்கள்.

மூத்தவளை முதல்முறை ஓட்டிவிட்டு வந்து ஸ்டியரிங்கம்மா சொன்னது இன்னும் பலருக்கு நினைவிருக்கிறது. "சார், கார் கையோட பேசணும். இது வாயில துணி அடச்ச மாதிரி இருக்கு." தலைமைப் பொறியாளர் சிரித்தார். ஆனால் மாற்றினார். மாற்றிய பிறகு, சாலையில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் ஸ்டியரிங் வழியாக அவள் விரலுக்குத் தெரிந்தது. வண்டி தாழ்வு, எடை குறைவு. வளைவில் திருப்பினால் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவதுபோல வந்தது. பின் சீட்டுதான் பேருக்கு. வளர்ந்த ஆள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வாங்கியவர்கள் எல்லாரும் இளவட்டம். பின் சீட்டில் சட்டையைத்தான் கழற்றிப் போடுவார்கள்.

அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் அளவுப் பெட்டியை வைத்துக்கொண்டு எண்களைக் குறிக்க ஓர் ஆளைப் போட்டார்கள். மீட்டர் என்று அவனுக்குப் பட்டப்பெயர். முதல் நாளே வாந்தி எடுத்தான். பெட்டியைக் காப்பாற்றிவிட்டான், சட்டைதான் போனது. மறுநாள் வரமாட்டான் என்று எல்லாரும் நினைத்தார்கள். மாற்றுச் சட்டையோடு வந்து நின்றான். கொஞ்ச காலம் கழித்து, தடத்தின் கடைசி வளைவைத் தாண்டியதும் சொன்னான்.

"உன் பக்கத்துல உக்காந்தா வயித்தக் கலக்குது."

"அப்ப வேற பிரிவு கேளு."

"லீவு நாள்ல கலக்கலன்னா என்னமோ மாதிரி இருக்கு. அதான் என்ன பண்றதுன்னு தெரியல."

அவள் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தமாகவே மிதித்துவிட்டாள்.

கல்யாணம் ஆயிற்று. மாடியில் இரண்டு அறை வீடு. மீட்டரின் அம்மாவும் கூட இருந்தாள். ஸ்டியரிங்கம்மாவுக்கு அத்தை. அத்தைக்கு வாய் ஓயாது. "என் மருமக ஓட்டிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் ஊருக்கே கார்" என்று எதிர்வீட்டில், கடையில், பேருந்து நிறுத்தத்தில் எல்லாம் அளந்துகொண்டிருப்பாள். தானோ காரில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.

மூத்தவளை வாங்கிய இளவட்டங்களுக்கும் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்தது. பின் சீட்டு போதவில்லை என்றார்கள். அதனால் இரண்டாமவள் ஒரு சாண் நீளமாகப் பிறந்தாள். பின் கதவு அகலமாயிற்று. குழந்தை நாற்காலியை மாட்டக் கொக்கிகள் வந்தன. எடை கூடியது, அதை ஈடுகட்ட எஞ்சினைப் பெரிதாக்கினார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது ஸ்டியரிங்கம்மாவும் முழுகாமல் இருந்தாள். தடத்திலிருந்து எடுத்து அலுவலக மேசையில் உட்கார வைத்தார்கள். "உள்ள இருக்கறது அப்பனப் போல வாந்தி எடுக்குமா, ஆத்தாளப் போல ஓட்டுமா?" என்று மெக்கானிக் மாமா தினமும் வந்து கேட்பார்.

ஐந்தாம் மாதம் அது தங்கவில்லை.

அத்தை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், நாள் முழுக்க முடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். அந்த வாய் பேசாமல் இருந்து அவள் பார்த்தது அப்போதுதான்.

உடம்பு தேறி அவள் தடத்துக்குத் திரும்பிய வாரம், பின் சீட்டில் குழந்தைகளை வைத்து ஓட்டிப் பார்க்கும் சோதனை. நிஜக் குழந்தைகள் இல்லை. குழந்தையின் எடைக்குச் செய்த ரப்பர் பொம்மைகள். இரண்டை நாற்காலியில் வைத்துக் கட்டியிருந்தார்கள். மெக்கானிக் மாமா வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "வேற ஆள் ஓட்டட்டும்மா. நான் பேசறேன்."

"இருக்கட்டும் மாமா. வேலைதானே."

ஓட்டினாள். பக்கத்தில் மீட்டர், மடியில் பெட்டி. முதல் வளைவு வந்தது. கண்ணாடியில் அந்த இரண்டு உருவங்களும் ஒரே பக்கமாகச் சாய்வதைப் பார்த்தாள். கால் தானாகவே எழும்பியது. பிறந்ததிலிருந்து வேகம் தவிர வேறு தெரியாதவள் போல ஓட்டியவள், அந்தச் சுற்றை அத்தை ஓட்டியிருந்தால் எப்படி ஓட்டுவாளோ அப்படி ஓட்டி முடித்தாள். வண்டி நின்றது. மீட்டர் எண்களைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"வேகம் போதல. மறுபடியும்."

அவன் கல்நெஞ்சன் இல்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதவன்தான். வேலையில் இறங்கிவிட்டால் இரண்டு பேருக்கும் ஆறும் என்று நினைத்திருக்கலாம். வேறு என்ன சொல்வதென்று தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவள் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். மறுபடியும் ஓட்டினாள், முழு வேகத்தில். நாற்காலிகள் அசையவில்லை. கொக்கிகள் உறுதி என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாமவள் அமோகமாக விற்றுத் தீர்ந்தாள்.

அதற்குப் பிறகு டாக்டர்கள், மருந்துகள், மாதாமாதம் ஓர் எதிர்பார்ப்பு, மாதாமாதம் ஓர் ஏமாற்றம். ஒரு கட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் விட்டார்கள். பிறகு மற்றதைப் பற்றிப் பேசுவதும் குறைந்துபோயிற்று.

மூன்றாமவள் அழகி. முன்னிரண்டையும்விட அகலம், பலம் இரட்டிப்பு. டர்போ வைத்த எஞ்சின் மிதித்ததும் முதுகில் கைவைத்துத் தள்ளியது. ஆனால் ஸ்டியரிங்குக்கு மின்மோட்டார் வந்துவிட்டது, சத்தம் நுழையாமலிருக்க ஜன்னல் கண்ணாடிக்கு இரட்டைத் தடுப்பு வந்துவிட்டது. எந்தச் சாலையில் போகிறோம் என்பதே கைக்கு எட்டவில்லை.

"என் கைக்கு ஒண்ணுமே தெரியல சார்," என்று தலைமைப் பொறியாளரிடம் சொன்னாள்.

அவருக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. "வாங்குறவங்களுக்குத் தெரிய வேண்டாமாம்மா. குழந்த தூங்கணுமாம்."

அவள் மறுபடி தடத்துக்குப் போனாள்.

அந்த வண்டிக்குள் அவ்வளவு அமைதி. முன்பெல்லாம் எஞ்சின் இரைச்சலில் இருவரும் பேசாமல் இருப்பது பெரிதாகத் தெரியாது. இப்போது மீட்டர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. அப்படியொரு சுற்றில்தான் சொன்னான். விற்பனைப் பிரிவில் ஒரு பெண். அவள் முழுகாமல் இருக்கிறாள்.

"வீட்டுல சொல்லலாம்னு பாத்தேன். அம்மா இருக்காங்க. அதான்..."

அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சுற்றை முடித்து, வண்டியை அதன் கோட்டில் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். "சத்தம் உள்ள வரலன்னு எழுதிக்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மீட்டர் தன் துணிமணியை எடுக்க வந்த அன்று அத்தை வாசற்படியை விட்டு நகரவே இல்லை. "நீ எங்க வேணா போ. நான் இவகூடதான் இருப்பேன். நீ என் வயித்துல பொறந்தவன், அவ்வளவுதான்." அவன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான்.

மாமியாரும் மருமகளுமாக இருந்த அந்தக் காலம் அவள் வாழ்க்கையில் மோசமான காலம் என்று சொல்லிவிட முடியாது. அத்தை பேசிக்கொண்டே சமைப்பாள், பேசிக்கொண்டே தூங்கிவிடுவாள். விடுமுறை நாளில் ஸ்டியரிங்கம்மா அவளைக் காரில் வைத்துச் சுற்றி வருவாள். "மெதுவா" என்று அத்தை அலறுவதைக் கேட்கவே ஒரு வளைவில் கொஞ்சம் கூடுதலாக மிதிப்பாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள்.

பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அத்தை அதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. சில மாதம் போனது. குழந்தையின் அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்று மீட்டர் போன் செய்தான். "நான் எதுக்கு வரணும்?" என்று அத்தை பொரிந்து தள்ளிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். ஆனால் மறுநாள் தன் துணிகளை எல்லாம் துவைத்துப் போட்டாள். அதற்கு அடுத்த நாள் கட்டிலுக்கு அடியில் இருந்த பையை எடுத்துத் தட்டி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வெயிலில் வைத்தாள். கேட்டால், "பூஞ்சை பிடிச்சிருக்கு" என்றாள்.

அத்தையை அந்த வேதனையில் விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "ஞாயித்துக்கெழம நான் கொண்டுவந்து விடறேன் அத்தை," என்றாள்.

"எங்க?"

"உங்க பேத்திகிட்ட."

அத்தை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொஞ்ச நாளைக்குத்தான்," என்றாள். "குழந்த நடக்கற வரைக்கும்."

"ஆமா. நடக்கற வரைக்கும்."

மூன்றாமவளில்தான் கொண்டுபோனாள். வழி நெடுக அத்தை ஒரு தடவைகூட "மெதுவா" என்று சொல்லவில்லை. அந்த வீட்டு வாசலில் மீட்டர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். கார் நின்றதும் அத்தை கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அத்தனை வேகமாக அவளை யாரும் பார்த்ததில்லை. குழந்தையை வாங்கி முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். அப்படியே உள்ளே போய்விட்டாள். பை டிக்கியிலேயே இருந்தது.

ஸ்டியரிங்கம்மா பையை எடுத்து மீட்டரிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். அவனும் மூன்றாமவளைத்தான் வாங்கியிருந்தான். பக்கத்திலேயே நின்றது. பின் சீட்டில் குழந்தை நாற்காலி.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "அந்த நாற்காலி ஆடுது. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாக்குறியா?"

கேட்ட பிறகுதான் யாரிடம் எதைக் கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. "வேண்டாம், விடு, நான்..."

அவள் அதற்குள் பின் கதவைத் திறந்துவிட்டாள். பட்டை உள்ளே முறுக்கிக்கொண்டிருந்தது. அதை நிமிர்த்தி, நாற்காலியில் ஒரு முழங்காலை ஊன்றித் தன் முழு எடையையும் போட்டு அழுத்தி, பட்டையை இழுத்துப் பூட்டினாள். நாற்காலியில் பால் வாசம் அடித்தது. தேவையானதைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே அப்படி முழங்காலிட்டிருந்தாள்.

"இப்ப ஆட்டிப் பாரு."

ஆட்டினான். அசையவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு தெரு தள்ளி ஓரமாக நிறுத்தினாள். அந்த வண்டியிலிருந்து சத்தம் வெளியே வராது என்று அவளுக்குத் தெரியும்.

குழந்தை நடந்தது, ஓடியது, பள்ளிக்கூடம் போனது. அத்தை திரும்பவில்லை. ஞாயிறுதோறும் போனில் பேசுவாள். பின்னால் குழந்தையின் கூச்சல் கேட்கும். பேச்சு பாதியில் நின்றுபோகும்.

கடைக்குட்டி வந்தாள். பாதி பெட்ரோல், பாதி மின்சாரம். மறுபடி தாழ்ந்த உடம்பு, கைக்கும் கொஞ்சம் பேச்சு திரும்பியிருந்தது. பின் சீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம். அளவுகளை வண்டியே குறித்து அனுப்பிவிடும் என்பதால் பக்கத்து இருக்கையில் ஆள் தேவையில்லை. மீட்டருக்கு வேறு கட்டடத்தில் ஒரு திரைக்கு முன்னால் வேலை. அவள் தனியாகத்தான் ஓட்டினாள்.

அந்தக் கார் வெளிவந்தபோது தொழிலாளர்களின் குடும்பங்களை ஒருநாள் தடத்துக்கு அழைத்தார்கள். ஆளுக்கு ஒரு சுற்று. வரிசையில் அத்தை நின்றாள். இளைத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறுமி. மீட்டரின் நெற்றி, மீட்டரின் காது.

"பாட்டி, இவங்க யாரு?"

அத்தை தடுமாறினாள். அப்படித் தடுமாறும் ஆளே இல்லை. கடைசியில் ஸ்டியரிங்கம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு," என்றாள்.

சிறுமி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "அப்ப அப்பாவோட தங்கச்சியா?"

அத்தை குனிந்து சிறுமியின் சட்டையை நேராக்கினாள்.

"அப்ப எனக்கு அத்தையா?"

"ஆமா கண்ணு," என்றாள் ஸ்டியரிங்கம்மா. "ஏறு."

பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டாள். முதல் வளைவிலேயே பின் சீட்டிலிருந்து, "அத்தை, இன்னும் வேகமா!" என்று ஒரு குரல் வந்தது. அவள் மிதித்தாள். சிறுமி கத்திக் கத்திச் சிரித்தாள். வாந்தி எடுக்கவில்லை. இறங்கும் இடத்தில் மீட்டர் காத்திருந்தான். "அப்பா, உங்க தங்கச்சி சூப்பரா ஓட்டுறாங்க!" என்று ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் ஸ்டியரிங்கம்மாவைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான், பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் குழந்தையின் தலையைத் தடவினான். "ஆமா," என்றான். "நல்லா ஓட்டுவா."

அன்று சாயங்காலம் அத்தை போன் செய்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேனாம்மா?"

"இல்ல அத்தை. வேற என்னன்னு சொல்லுவீங்க?"

அத்தை அழுவது கேட்டது. "அத்தையா பேசறது? எப்ப நம்ம வீட்டுக்கு வருவாங்கன்னு கேளுங்க பாட்டி," என்று சின்னக் குரல் பக்கத்திலிருந்து நச்சரித்தது. அத்தை அந்தக் கேள்வியைப் போனில் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இருவரும் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.