உப்பில்லா ரொட்டியும் உம்ப்ரியா ஒயினும்

பரிமாறுகிறவனுக்குச் சாப்பாட்டைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். தெரியாது என்பது முகத்தில் தெரியக் கூடாது. ஹோட்டல் டூட்டி பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு அஜ்மானில் ரூம், பரிமாறும் வேலை துபாயில், ஓர் இத்தாலிய உணவகத்தில். எங்கள் செஃப் லூக்காவின் ஊர் உம்ப்ரியா. இத்தாலியின் நடுவில், கடலே தொடாத பச்சை மலைநாடு. அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிடுவது நல்லது.

உப்பு எங்கே?

கல்யாண நாள் கொண்டாட ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். ரொட்டியைக் கடித்ததுமே கணவர் குரலை உயர்த்தினார்: "உப்பே இல்லை, மேனேஜரைக் கூப்பிடுங்க!" "சார், உம்ப்ரியாவில ரொட்டிக்கு உப்பு போட மாட்டாங்க. இந்த ஆட்டுப்பால் சீஸோட சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்க" என்றேன். பார்த்தார். முகம் மலர்ந்தது. இன்னொரு கூடை ரொட்டி கேட்டார். மனைவி அவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஒருநாள் ரசத்துல உப்பு மறந்ததுக்கு நீங்க மூணு நாள் என்கிட்ட பேசலை, இங்க ரெண்டாவது கூடையா?"

நாவல்பழம்

எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. அந்த ஊர்ச் சிவப்பு ஒயினை லூக்கா ஒரு வாய் சுவைக்கத் தந்தபோது நாக்கு இழுத்துப் பிடித்தது. யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் "எப்படியிருக்கும்?" என்று கேட்டபோது, மனதில் பட்டதைச் சொன்னேன்: "நாவல்பழம் மாதிரி துவர்க்கும் ஐயா." ஆசையாக வாங்கிக் குடித்தார். பிறகு போன் கேமராவில் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்: "நாவல்பழம் எண்டு சொன்னீர் தம்பி, நாக்கு நீலமாகேல்லையே?"

ஏசி நின்ற மாலை

முதல்முறையாக எல்லா மேசையும் புக் ஆன அன்று, கதவு திறக்கச் சற்று முன் ஏசி நின்றது. ஆகஸ்ட் மாதம். லூக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். என் ரூம்மேட் முருகேசன் ஏசி மெக்கானிக். அன்று பக்கத்துக் கட்டடத்தில்தான் அவனுக்கு சைட் வேலை. போன் செய்ததும் ஓடி வந்து, கருகிய ஒயரை மாற்றினான். குளிர்காற்று வந்ததும் லூக்கா அவனைக் கட்டிப்பிடித்து, எண்ணெய்ச் சட்டையோடு நல்ல மேசையில் உட்கார வைத்தார்.

சூடான பாஸ்தாவின் மேல் கறுப்பு ட்ரஃபிளைத் தன் கையாலேயே சீவினார். "என்னண்ணே, கரியைச் சுரண்டிப் போடுறாரு?" என்றான் முருகேசன். "மண்ணுக்குள்ள விளையற காளான்டா. மலைக்காட்டுல நாய்தான் மோப்பம் பிடிச்சுத் தேடிக் கொடுக்கும்" என்றேன். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நிஜமான கவலையோடு கேட்டான்: "அந்த நாய்க்கு வருஷ லீவு உண்டாண்ணே?"

உம்ப்ரியாவை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது சாப்பிட வருகிறவர்களுக்குத் தெரியாதவரை என் வேலை பத்திரம்.