அல்சாஸ் மேட்டில் முன்னால் போன சிவப்புச் சட்டை

பேய், பிசாசு, சகுனம் எதையும் நான் ஏற்றுக்கொண்டவன் இல்லை. பிராங்பேர்ட்டுக்கு வந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். எங்கே போனேன், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எல்லாம் அதில் இருக்கும். நாளும் நேரமும் போட்டு எழுத முடியாத ஒன்று நடக்கவே நடக்காது என்பது என் கட்சி. ஆகவே இதை நீங்கள் நம்பாமல் போனால் எனக்குக் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

முதலில் சிவாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் சைக்கிள் குழுவில் ஏழு பேர். எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர், பெரும்பாலும் டாக்டர் கொலஸ்ட்ரோல் என்று வெருட்டிய பிறகு சைக்கிளில் ஏறியவர்கள். சிவா கடைசியாக வந்து சேர்ந்தவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். காலணியைப் பெடலில் பூட்டவும் கழற்றவும் அவனுக்குப் பழக்கியவன் நான். முதல் நாள் சிக்னலில் கழற்ற மறந்து, மரம் சாய்வதுபோல் சாய்ந்தவனைத் தூக்கி நிமிர்த்தியவனும் நான். இரண்டே வருடத்தில் ஒரு ஏற்றத்தில் அவன் என்னைக் கடந்து போனான். கடந்ததுகூடப் பரவாயில்லை, போகிற போக்கில் திரும்பி, "அண்ணை, மூச்சை வயித்தால எடுங்கோ" என்றான். அது நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் குழுவுக்குப் பாதை போடுவது என் வேலை. ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம், அல்சாஸ் நாட்டுப்புறத்துக்குப் போவோம். அங்கே மலை என்று ஒன்றும் இல்லை. நிலம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், சோளக்காடு, ஒரு கிராமம், மறுபடி ஏற்றம். மூன்று மாலைகள் கணினி முன்னால் இருந்து, கார் குறைந்த சாலைகளாகப் பார்த்து, பதினொரு மணிக்குப் பேக்கரி திறந்திருக்கும் ஊராகப் பார்த்துக் கோடு போடுவேன். சிவா ஓரிரு நாள் முன்னதாகவே தனியாகச் சைக்கிளில் போய் அதை ஓடிப் பார்த்துவிடுவான். ஞாயிறன்று முன்னால் நின்று, "இதில பள்ளம் வருது, கவனம்" என்று கை காட்டுவான். பின்னால் வருகிறவர்கள், "சிவாவின்ர றூட் எண்டா றூட்தான்" என்பார்கள். கடைசியாக வருகிற நான் அதைக் கேட்டபடி பெடலை மிதிப்பேன்.

வீட்டிலும் இதுதான். "சிவா தம்பியைப் பாருங்கோ, என்ன மாதிரி மெலிஞ்சிட்டார். நீங்களும்தான் ஓடுறியள்" என்றாள் மனைவி. அன்று நான் வீம்புக்கு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அந்த ஜூலையில் பாதை போட்டபோது ஒன்று நடந்தது. வரைபடத்தில் கோட்டை இழுக்கும்போது அது சில வேளை தார்ச்சாலையை விட்டு வயல் பாதைக்குத் தாவிவிடும். பாதை போடுகிற எல்லோருக்கும் தெரிந்த பிழை, பார்த்துத் திருத்திவிடுவோம். நானும் பார்த்தேன். ஒரு நீண்ட இறக்கம், கீழே ஒரு திருப்பம், திருப்பம் கழிந்ததும் தார் முடிந்து சரளைக்கல். குழுவுக்கான கோப்பில் திருத்தினேன். சிவா, "எனக்கு முதல் அனுப்பிவிடுங்கோ அண்ணை" என்று கேட்டிருந்தான். அவனுக்குத் திருத்தாததை அனுப்பினேன். டயர் ஒன்று வெடிக்கும், சிவா வழி தவறி நின்றான் என்று ஒரு தடவையாவது ஊர் சிரிக்கட்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வழக்கமாக அவன் ஓடிப் பார்க்கிற நாள் சனிக்கிழமை. அந்தச் சனி காலை நானும் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனேன். அவன் அசடு வழிய நிற்பதைப் பார்க்கப் போனேனா, தடுக்கப் போனேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜெர்மன் கிராமத்தில் காரை விட்டேன். ஒன்பதே கால், மேற்குக் காற்று, முகில் இல்லை.

பத்தரை மணியளவில் அவனைக் கண்டேன். நான் ஒரு மேட்டின் உச்சியில், அவன் அடுத்த மேட்டின் உச்சியில். சிவப்புச் சட்டை, இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி ஓடுகிற அதே சாயல். என் பாதையில் எனக்கு முன்னாலேயே போகிறான் என்று வயிறு எரிந்தது. கியரை இறக்கி மிதித்தேன். நான் பள்ளத்தில் இறங்கும்போது மறைவான், நான் ஏறி முடிக்கும்போது அடுத்த உச்சியில் இருப்பான். இப்படி மூன்று மேடுகள். நம்பினால் நம்புங்கள், இடைவெளி ஒரு முழம்கூடக் கூடவில்லை, குறையவும் இல்லை. நான் களைத்து மெதுவானால் அவனும் மெதுவானான்.

நான்காவது மேட்டில் பாதை பிரிந்தது. இடப்பக்கம் நல்ல சாலை. அவன் நேரே அந்த இறக்கத்தில் இறங்கினான். உச்சிக்கு வந்து கீழே பார்த்தேன். திருப்பத்துக்கு அப்பால், உழவு இயந்திரத்தில் பூட்டுகிற கலப்பை ஒன்றை யாரோ பாதைக்குக் குறுக்கே விட்டுப் போயிருந்தார்கள், இரும்புப் பற்கள் வெயிலில் மினுங்கின. மேலே நிற்கிற எனக்குத் தெரிகிறது, இறங்குகிறவனுக்குத் தெரியாது. "சிவா! சிவா! பிரேக்கைப் பிடி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நானும் இறங்கினேன்.

கீழே யாரும் இல்லை. இரண்டு பக்கமும் ஆளுயரச் சோளம், ஒரு தட்டையும் முறியவில்லை. சரளையில் ஒரே ஒரு டயர் இழுபட்ட கோடு, கலப்பைக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது. தொலைபேசியில் அவனை அழைத்தேன்.

"சொல்லுங்கோ அண்ணை" என்றான், பின்னால் தொலைக்காட்சிச் சத்தம்.

"எங்கை நிக்கிறாய்?"

"வீட்டிலதான். நேற்று வேலைக்கு ஊர்லாப் போட்டிட்டு றூட்டைப் பார்த்திட்டு வந்திட்டன். அதுசரி, நீங்கள் ஏன் ஒளிச்சனீங்கள்?"

"என்ன ஒளிச்சது?"

"பகிடி விடாதேங்கோ. அந்த இறக்கத்தில எனக்குப் பின்னால நிண்டு சிவா, சிவா, பிரேக்கைப் பிடி எண்டு கத்தினது நீங்கள்தானே? நான் பிடிச்சன், கலப்பைக்கு ஒரு சாண் இருக்கேக்க நிண்டுது. திரும்பிப் பார்த்தா ஆளில்லை."

வெள்ளிக்கிழமை நான் விமான நிலையச் சரக்குப் பகுதியில் மதிய வேலையில் இருந்தேன். உள்ளே போனதும் வெளியே வந்ததும் அட்டையில் பதிவாகியிருக்கிறது. அவன் சொன்னபடி அவன் அங்கே நின்றது வெள்ளி பின்னேரம் நாலு மணி கழித்து, நான் கத்தியது சனி காலை பதினொரு மணிக்கு முன். நேரமாவது ஒன்றாக இருந்திருந்தால் கதைக்கு வடிவாக இருந்திருக்கும். இல்லை. நான் கத்துவதற்கு முந்தின நாளே அவனுக்குக் கேட்டிருக்கிறது, இதை எந்தத் தேதியில் எழுதுவது?

அடுத்த நாள் ஏழு பேரும் போனோம், நல்ல சாலை வழியாக. சிவா எல்லோருக்கும் கதையைச் சொன்னான். "கம்ப்யூட்டர் விட்ட பிழை, அண்ணை என்ன செய்யிறது? அண்ணையின்ர குரல்தான் என்னைக் காப்பாத்தினது" என்றான். என் தோளில் தட்டினார்கள். எனக்கு அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் உறைத்தது.

பேக்கரி வாசலில் மற்றவர்கள் உள்ளே போனதும் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணை, பேரைச் சொல்லிக் கூப்பிட முதல் இன்னொண்டும் சொன்னியள். மெதுவா, காதுக்குக் கிட்ட."

"என்னது?"

"விழட்டும் எண்டு." சிரித்தான். "ஆரை விழச் சொன்னனீங்கள்?"

கலப்பையைக் கண்டதற்கும் கத்தியதற்கும் இடையில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதை வாயால் சொல்லவில்லை. நாட்குறிப்பிலும் எழுதவில்லை.

"காத்தில ஏதும் கேட்டிருக்கும்" என்றேன்.

"ஓம், இருக்கும்" என்றான்.

அன்றிலிருந்து அவன் என்னைக் கடந்து போவதில்லை. எந்த ஏற்றமானாலும், "நீங்கள் போங்கோ அண்ணை" என்று எனக்குப் பின்னால்தான் வருகிறான். இப்போது உச்சிக்கு முதலில் சேருகிறவன் நான். இறக்கத்தில் அவன் சைக்கிள் சங்கிலியின் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்கும். அவன் ஒன்றும் சொல்வதில்லை. அந்தச் சொல்லை எப்போது சொல்வான் என்று காது கொடுத்தபடியே, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன்.