அடுப்பு மூட்டாத நாளும் என் நன்றியுரையும்

திருமயம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் இன்னொரு சட்டை. தூரத்தில் கோட்டைப் பாறை தெரிந்தது. எவ்வளவு நடந்தாலும் அது பக்கத்தில் வருவதாக இல்லை. யாராவது கேட்டால், ‘விரட்டிவிட்டார்கள்’ என்று சொல்லாமல் ‘நானே விட்டுவிட்டு வந்தேன்’ என்று சொல்வதென வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கேட்க ஆளில்லை. ஓர் எருமை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போய்விட்டது.

என்னை விரட்டியது ஊர்ப் பஞ்சாயத்து போர்டு நடத்திய அநாதை விடுதி. அம்மாவும் அப்பாவும் ஒரே காலராவில் போனபிறகு எனக்கு வீடு அதுதான். பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். இருந்தாலும் விடுதியில் எனக்கு ஒரு பதவி இருந்தது. நன்றியுரை சொல்பவன் நான்.

போர்டு மெம்பர் யாராவது தன் வீட்டு விசேஷத்துக்காக எங்களுக்குச் சாப்பாடு போடுவதாகச் சொன்னால், அன்றைக்கு விடுதியில் அடுப்பு மூட்டமாட்டார்கள். போர்டுக்கு அரிசி மிச்சம். சாப்பாடு வந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, நான் நன்றியுரை சொல்லி முடித்த பிறகே இலை போடுவார்கள். அந்தக் காலத்து மேடைப் பேச்சு எனக்குள் காய்ச்சல்போல ஏறியிருந்தது. அடுக்கிக்கொண்டே போவேன். அதற்குள் சோறு ஆறிப்போகும். சின்னப் பிள்ளைகள் என்னை வெறுத்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை விரட்டுவதற்கு முன்பு கடைசியாக நடந்த விசேஷத்தில் சாப்பாடு வரவேயில்லை. விருந்தாளிகள் அதிகமாம். அடுப்பும் மூட்டவில்லை. பிள்ளைகள் புளியங்கொழுந்தைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தார்கள். எல்லோரிலும் சிறியவன் மட்டும் சமையற்கட்டு வாசலை விட்டு நகரவில்லை. அதைப் பார்த்தபிறகு, புகார் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நல்ல முடிவு. ஆனால் புகாரையும் நன்றியுரையிலேயே வைத்தேன். தன் மகள் கல்யாணத்துக்குச் சாப்பாடு அனுப்பப்போவதாகச் சொல்ல ஒரு மெம்பர் வந்திருந்தார். எழுந்து நின்று, “ஆறிய சோற்றையும் அமுதென அருந்தி, வாராத சோற்றையும் வரமென வாழ்த்தும் வறியோர் நாங்கள்” என்று முழங்கினேன். மெம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். எனக்கும் ஒரு கணம் பெருமையாக இருந்தது. பிறகுதான் எழுந்து நின்ற காரியம் ஞாபகம் வந்தது.

“ஐயா, போன தடவை சோறு வரலைங்க. நாளைக்கும் அடுப்பு மூட்டமாட்டாங்க. நீங்க அனுப்புறது வராட்டி பிள்ளைக பட்டினிங்க” என்றேன். இதற்குக் கைதட்டல் இல்லை.

மெம்பர் போனதும் விடுதி மேனேஜர் என் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். “தின்ன சோத்துக்கு நன்றி சொல்லத்தான்டா ஒன்னைய வச்சிருந்தோம். திங்காத சோத்துக்குக் கணக்குக் கேக்கவா?”

மெம்பரின் ஊர் திருமயத்துக்கு முன்னாலேயே இருந்தது. அவரிடம் மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நான் அங்கே போக ஒரு காரணம். கல்யாண வீட்டில் சோறு கிடைக்கும் என்பது இன்னொரு காரணம். எது முதலில் தோன்றியது என்று கேட்காதீர்கள்.

மெம்பரை நெருங்க முடியவில்லை. பந்தலுக்குப் பின்னால், மண்ணை நீளமாகத் தோண்டிப் போட்ட கோட்டை அடுப்புப் பக்கம் போனேன். தலைமைச் சமையல்காரர் பார்த்துவிட்டார்.

“யார்ரா அது?”

“விடுதிப் பையன்ணே.”

“ஒங்களுக்கு நாளைக்குத்தானடா? அதுக்குள்ள என்ன?”

“நாளைக்கு எப்பண்ணே அனுப்புவீங்க?”

“பந்தியெல்லாம் முடியட்டும். மிச்சம் பாத்துத்தான்.”

“மிச்சமில்லாட்டி?”

“அப்ப அனுப்புற வேலை மிச்சம்” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். “நிக்கிறவன் சும்மா நிக்காத. அந்த வெறகை இங்கிட்டுத் தூக்கிப் போடு.”

தூக்கிப் போட்டேன். சோறு கிடைத்தது. யாரும் நன்றியுரை கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் இலைக்கட்டு போதவில்லை என்று ஒரே கூச்சல். எங்கள் ஊர்ச் சந்தையிலிருந்துதான் எடுத்துவர வேண்டும். வண்டிக்காரனோ பெரிய வண்டியில் மாப்பிள்ளை வீட்டாரை அழைக்கப் போயிருந்தான். சின்ன வண்டி ஓட்ட ஆளில்லாமல் நின்றது.

“மாடு ஓட்டத் தெரியுமாடா?” என்றார் சமையல்காரர்.

“தெரியும்ணே.” எனக்குத் தெரியாவிட்டாலும் மாட்டுக்கு வழி தெரிந்திருந்தது, அது போதும். “வெறும் வண்டியாவா போகணும்?”

“வேலை கேக்குறியா, வழக்குப் பேசுறியா?”

“வேலைதாண்ணே.”

அவர் பொங்கல் அண்டாவைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன அண்டாவில் பொங்கலை அள்ளி நிரப்பி, சாக்கைப் போட்டு மூடினார். “சம்பந்தி வீட்டாளுக வாயில வைக்கிறதுக்கு முன்னாடி நான் கரண்டி போட்டேன்னு வெளிய தெரிஞ்சுச்சு, அடுப்புக்கு வெறகு நீதான்.”

விடுதி வாசலில் வண்டியைப் பார்த்ததும் மேனேஜர், “வாங்க, வாங்க” என்று கும்பிட்டபடி வந்தார். என் முகத்தைப் பார்த்தபிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வந்திருப்பது மெம்பர் வீட்டு வண்டி. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். எனக்குப் பதிலாக நியமிக்கப்பட்டவன் முன்னால் வந்து, நான் எழுதிய நன்றியுரையை எனக்கே சொல்ல ஆரம்பித்தான். அது இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. சின்னவன் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பேச்செல்லாம் அப்பறங்க. மொதல்ல எலையைப் போடச் சொன்னாரு ஐயா” என்றேன்.

“ஐயாவே சொன்னாரா?”

“ஆமாங்க. மத்தியானத்துக்கு விருந்தாளுக ஜாஸ்தி, விடுதியிலேயே சோத்துக்கு ஒல வைக்கச் சொன்னாரு.”

நேற்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் நடக்காதது, இன்று ஒரு பொய்யில் நடந்தது. இலை விழுந்தது. நான் வண்டியைத் திருப்பும்போது சமையற்கட்டிலிருந்து புகை கிளம்பியது. மெம்பர் காதுக்கு இது எட்டும்போது அந்தப் பக்கம் நான் இருக்கக்கூடாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இலைக்கட்டுகளோடு கல்யாண வீட்டுக்குத் திரும்பினேன். சமையல்காரர் காலி அண்டாவை எட்டிப் பார்த்தார். “சாயங்காலம் ஆவுடையார்கோவில் பக்கம் கெளம்புறோம், இன்னொரு கல்யாணம். வாரியா?”

“இப்பவே வாரேண்ணே.”

“மொதல்ல அந்த அண்டாவைத் தேய்ச்சு வை” என்று தேங்காய் நாரைத் தூக்கிப் போட்டார். சாம்பலை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன்.