வயிறு வடிஞ்சா வா

அம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்து வயிற்றில் நீர் கோத்துக்கொண்ட வருஷம்தான் மாமா வீட்டுக் கல்யாணமும் வந்தது. மாமா அம்மாவின் ஒரே அண்ணன், ஆழ்வார்திருநகரியில் பெரிய மனிதர். மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்து, எங்கள் வீட்டு நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். இந்த வயிற்றோடு மணவடைப் பக்கம் வந்து நின்றால், குடும்பத்து நோய் என்று சம்பந்தி வீட்டார் பேசுவார்களாம்.

"வயிறு வடிஞ்சா வா. நானே கார் அனுப்புதேன்" என்றார். அவ்வளவு கரிசனம்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அம்மா வயிற்றில் குழாய் போட்டார்கள். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், ஒரேயடியாக இறங்கினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்று டாக்டர் சொல்லி, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி அளவு வைத்தார். வெளிறின மஞ்சள் நீர் பைக்குள் சொட்டியது. அம்மா அந்தப் பையையும், ஒயர்கூடையில் கொண்டுவந்திருந்த பட்டுச்சேலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா மருந்து வாங்கப் போனதும் என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, அந்தச் சக்கரத்த மெல்ல தளத்தி விடு. இப்படிச் சொட்டுனா நாளைக்கு எங்கன போவ?"

எனக்கு ஒன்பது வயது. தளர்த்திவிட்டேன். வயிறு இறங்குவதைப் பார்க்க ஒரே குஷி. கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, கண் செருகியது. நான் போட்ட கூச்சலில் நர்ஸ் அக்கா ஓடிவந்து குழாயை மூடி, கால்மாட்டை உயர்த்தி, குளுக்கோஸ் ஏற்றினார். அம்மா கண் விழித்ததும், யார் திறந்தது என்று நர்ஸ் அக்கா கேட்டார். "நாந்தான்" என்றாள் அம்மா.

பிழைத்தாள். ஆனால் நாலு நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றுவிட்டார்கள். கல்யாணம் அவள் இல்லாமல் நடந்தது.

மூன்றாம் நாள் மாமா தாம்பூலப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வற்றிப்போன வயிற்றைப் பார்த்து, இப்படி வடியும் என்று தெரிந்திருந்தால் தூக்கிக்கொண்டாவது போயிருப்பேனே என்று வருத்தப்பட்டார். பையில் தேங்காயோடு கல்யாணப் பத்திரிகை ஒன்றும் கிடந்தது. சத்தமாக வாசித்தேன். சித்தப்பா, பெரியம்மா, அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் எல்லாரும் இருந்தார்கள். அம்மா பெயர் மட்டும் இல்லை.

"அம்மா பேரு எங்கன மாமா?"

"வாசிச்சது போதும், மடிச்சு வை" என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

பத்திரிகை அடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மாமா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கார் அனுப்புகிறேன் என்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்கோ, நான் சக்கரத்தைத் தளர்த்தியதால்தான் அம்மா கல்யாணத்துக்குப் போக முடியாமல் அழுகிறாள் என்று நினைத்தேன். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவரும் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.