படுதா இறக்கிய கரி பஸ்ஸில் நெய்யூருக்கு

நாகர்கோவிலிலிருந்து நெய்யூர் பதினான்கு மைல். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும், குளச்சல் கடற்கரைக்கும் முட்டம் கலங்கரை விளக்குக்கும் போக நினைப்பவர்களும் என்னிடம் வழி விசாரிப்பதுண்டு. நேரம், கட்டணம், எந்த இடத்தில் நல்ல காப்பி கிடைக்கும் என்பதையெல்லாம் தயங்காமல் சொல்லிவிடுவேன். கரி பஸ்ஸில் ஏறலாமா என்று கேட்டால் மட்டும் உடனே பதில் வருவதில்லை. அதற்கு ஒரு பயணத்தை முழுதாகச் சொல்லவேண்டும்.

திருவாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறு வருடம், ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை. பெட்ரோல் அப்போதும் அளந்துதான் கிடைத்தது. அதனால் பல பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை நிற்கும். அதில் அடுப்புக் கரியை அரைகுறையாக எரிய விட்டு, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொண்டுபோவார்கள். வாயு கசியாத வண்டிகளே சாலையில் ஓடலாம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. அந்த உத்தரவின்படி வண்டிகளைப் பார்த்துவரும் அலுவலகத்தில் நான் உதவிச் சோதகன். வயது இருபத்தாறு.

நாகர்கோவில் குளச்சல் வழியில் ஓடிய தனியார் பஸ் ஒன்றைப் பற்றி மூன்று மனுக்கள் வந்திருந்தன. ஏறி இறங்கினால் தலை பிளக்கிறது, பிள்ளைகள் வாந்தியெடுக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சோதித்தால் எல்லா வண்டியும் சுத்தமாகத்தான் வந்து நிற்கும். ஆகவே சாதாரணப் பயணியாகப் போய்ப் பார்த்துவர என்னை அனுப்பினார் மேலதிகாரி. கையெழுத்திட்ட ஒரு தாளையும் கொடுத்தார். 'இந்த வண்டி ஓடக்கூடாது' என்பது அதன் சாரம்.

"கரும்புகை கண்ணுக்குத் தெரியும், ஜனங்க விலகிருவாங்க. நிறமும் மணமும் இல்லாத வாயு ஒண்ணு அதுகூடவே வரும். அதுதான் ஆளை உறங்க வச்சே கொல்லும். கசிவு கண்டா அந்த இடத்திலேயே நிறுத்தி, தாளைக் கண்ணாடியில ஒட்டிரும்" என்றார்.

பஸ் காலை எட்டு பத்துக்குப் புறப்பட்டது. எட்டுக்குக் கிளம்ப வேண்டியது. டிரைவரே பின்னால் போய், உருளைக்குள் காற்று ஊதும் ஊதியின் கைப்பிடியைச் சுற்றிக் கரியைக் கனல வைக்க வேண்டியிருந்ததால் பத்து நிமிடம் தாமதம். நெய்யூருக்குக் கட்டணம் ஏழு அணா. கடைசிக்கு முந்தின பெஞ்சில் இடம் பிடித்தேன். எனக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், வடசேரிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு ஊர் திரும்பும் முட்டத்துக்காரி ஒருத்தி இருந்தாள். ரெஜீனாள் என்று பெயர். அன்று திங்கள்சந்தை கூடும் நாள் என்பதால் வண்டியில் பாக்கு மூட்டை, கோழிக்கூண்டு, வாழைக்குலை எல்லாம் இருந்தன. பேச்சுச் சத்தத்தில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை.

சுங்கான்கடை ஐந்தாவது மைல். அங்கே ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. கரி வண்டிகளுக்கு இது சகஜம். ஆண்கள் தூறலில் இறங்கித் தள்ளினோம். டிரைவர் பின்னால் வந்து மூடியைத் திறந்து கம்பியால் கரியைக் குத்திவிட்டார். ஞானமுத்து என்று பெயர், நாற்பது வயதிருக்கும், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உருளையிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தைப் பார்த்தேன். சாக்கைச் சுற்றிக் களிமண் பூசியிருந்தார்கள். மண் காய்ந்து வெடித்திருந்தது. கையைக் கிட்டே கொண்டுபோனேன். உள்ளங்கையில் சூடாகக் காற்று பட்டது.

"என்ன பாக்கேரு?" என்றார் ஞானமுத்து.

"கசியுதே."

"மூணு தடவ மொதலாளிட்ட சொல்லியாச்சு சாரே. சாமான் மதராசில இருந்து வரணுமாம். அது வரைக்கும் மண்ணு பூசி ஓட்டுன்னு சொல்லிட்டாரு."

தாள் என் சட்டைப் பைக்குள் இருந்தது. அதை எடுத்து நீட்ட வேண்டிய இடம் அதுதான். சுற்றிப் பார்த்தேன். வண்டிக்குள்ளும் தூறலிலுமாக நாற்பது பேர் அது கிளம்பக் காத்திருந்தார்கள். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒதுங்க ஒரு கூரை இல்லை. நான் ஒருவன், அவர்கள் நாற்பது பேர். தக்கலை ஐந்தே மைல், அங்கே கடைகள் உண்டு, அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

வில்லுக்குறியில் ஒரு கணவனும் மனைவியும் ஏறினார்கள். அவர் செல்லையா, வயல் வேலை செய்கிறவர். மனைவி தங்கம்மைக்கு ஏழு மாதம். ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காகக் கிளம்பியிருந்தார்கள். முன்னால் இடமில்லை. ரெஜீனாள் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இஞ்ச வந்து இரி மக்களே" என்று கடைசி பெஞ்சின் ஓரத்தைக் காட்டினாள். தங்கம்மை அங்கே உட்கார, செல்லையா முன்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றார். அந்த ஓரத்துக்கு நேர் பின்னால்தான் குழாய். அது எனக்குத் தெரியும். எழுந்து என் இடத்தையாவது கொடுத்திருக்கலாம். தக்கலை வந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

தக்கலைக்கு ஒன்பது இருபதுக்குச் சேர்ந்தோம். மழை வலுத்திருந்தது. இறங்கினவர்களைவிட ஏறினவர்கள் அதிகம். கண்டக்டர் இரண்டு பக்கமும் கித்தான் படுதாவை இறக்கிக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். நெய்யூர் இன்னும் நாலு மைல்தானே என்று தோன்றியது. மறுபடியும் தாளை எடுக்கவில்லை.

படுதா இறங்கியபின் வண்டிக்குள் அரை இருட்டு. சிறிது நேரத்தில் என் நெற்றிப் பொட்டில் யாரோ விரலால் சுண்டுவதுபோல் வலித்தது. பிறகு சுத்தியால் அடிப்பதுபோல் ஆயிற்று. இரணியலைத் தாண்டும்போதுதான் ஒன்று உறைத்தது. முன் பெஞ்சுகளில் பாக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் சத்தமே இல்லை. காலை ஒன்பதரை மணிக்கு, சந்தைக்குப் போகும் பஸ்ஸில், எனக்குப் பின்னால் யாரும் பேசவில்லை.

"ஏட்டி, எழும்பு" என்று ரெஜீனாளின் குரல் கேட்டது. நாக்குக் குழறியது. "ஓய், இந்தப் பிள்ள எழும்பமாட்டேங்கு. கொஞ்சம் பாருங்க."

எழுந்தேன். முழங்கால் மடங்கி மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கம்பியைப் பிடித்து எழுந்து, "வண்டிய நிறுத்தும், படுதாவ அவிழும்" என்று கத்தினேன். நனைந்த கயிற்று முடிச்சு அவிழவில்லை. ரெஜீனாள் கூடையிலிருந்து மீன் அரியும் கத்தியை எடுத்துப் படுதாவை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகக் கிழித்தாள். மழையும் காற்றும் உள்ளே அடித்தன. கடைசி பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் தலை தொங்கிக் கிடந்தார்கள். காற்றுப் பட்டதும் அவர்கள் வாந்தியெடுத்தார்கள், கண் விழித்தார்கள். தங்கம்மை விழிக்கவில்லை. அவளைத் தூக்கிச் சாலையோரம் புன்னை மரத்தடியில் கிடத்தினோம். மூச்சு இருந்தது, மிகச் சிறிதாக. உதடு மட்டும் வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தது. செல்லையா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்.

நெய்யூர் இன்னும் இரண்டு மைல். மாட்டு வண்டி ஒன்றும் கண்ணில் படவில்லை. இந்த வண்டி ஓடக்கூடாது என்ற தாள் என்னிடம் இருக்கிறது, இந்த வண்டியை விட்டால் அவளைக் கொண்டுபோக வேறு வழியும் இல்லை.

"எனக்க பக்கத்துல கெடத்துங்க. ரெண்டு பக்கமும் கித்தான அறுத்து எறியுங்க. வேற யாரும் ஏறண்டாம். நான் கொண்டு சேத்திருவேன்" என்றார் ஞானமுத்து.

ஆனால் வண்டி நின்றதில் கரி அணைந்துகொண்டிருந்தது. மறுபடி ஊதியைச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்றக் கசிவும் கூடும். நான் ஓடையிலிருந்து ஈரக் களிமண்ணை அள்ளி வந்து, நனைந்த துண்டோடு சேர்த்துக் குழாய் மூட்டில் அப்பி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். தோல் வெந்தது. ஞானமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றினார். எஞ்சின் பிடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. அதைவிட நீண்ட நாலு நிமிடத்தை நான் அறியேன்.

மற்றப் பயணிகள் எல்லோரும் மழையில் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முன் இருக்கையில் தங்கம்மையின் தலையை ரெஜீனாள் மடியில் வைத்துக்கொண்டாள். செல்லையாவும் நானும் படிக்கட்டில் தொங்கினோம். திங்கள்சந்தையில் கூட்டம் சாலையை அடைத்திருந்தது. ஞானமுத்து ஹாரன் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தார். செல்லையா இறங்கி முன்னால் ஓடினார். "வழி விடுங்க, ஆளு சாவக் கெடக்கு" என்று இரண்டு கையாலும் கூடைகளை ஒதுக்கிக்கொண்டே ஓடினார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி பத்தே கால்.

தங்கம்மையை உள்ளே கொண்டுபோய் மூக்கில் குழாய் வைத்துப் பிராணவாயு கொடுத்தார்கள். நர்ஸ் ஒருத்தி என் கையில் மருந்து தடவிக் கட்டினாள். வெளியே நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்து, கண் திறந்துவிட்டாள், தண்ணீர் கேட்டாள் என்று சொன்னார்கள். செல்லையா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா அவரையும் என்னையும் உள்ளே வரச் சொன்னார். ஒரு மரக்குழலைத் தங்கம்மையின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். நாலாவது இடத்தில் வெகு நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, "துடிப்பு இருக்கு. பலம் குறைவுதான். நாலு நாள் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் செல்லையா என் கட்டுப்போட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதைத் தாங்க முடியவில்லை.

"நான் ஆபீஸ்காரன். அந்தக் கசிவ சுங்கான்கடையிலேயே பார்த்தேன். வண்டிய நிறுத்த உத்தரவும் என் பையில இருந்தது. நிறுத்தல."

அவர் கையை விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க ஏறினது வில்லுக்குறியில."

"ஆமா."

"அதுக்கு முன்னயே கண்டாச்சு."

"ஆமா."

"அந்தத் தாளு இப்பமும் கையில இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"பின்ன எதுக்கு இஞ்ச நிக்கேரு?"

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் கொஞ்சம் கஞ்சி வாங்கி, அதைத் தடவித் தாளை முன் கண்ணாடியில் ஒட்டினேன். ஞானமுத்து தம் தலைத்துண்டால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் அந்த வண்டியில் ஊர் திரும்பக் காத்திருந்தவர்கள் கூடிவிட்டார்கள். "நாங்க எப்பிடிப் போறது? சர்க்காரு தோளுல தூக்கிட்டுப் போவுமா?" என்று ஒருவர் கேட்டார். ரெஜீனாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "நடந்து போவும் வே. நானும் முட்டத்துக்கு நடந்துதான் போறேன். உயிரோட நடக்கோம்லா" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

நடந்ததை நடந்தபடியே அறிக்கையில் எழுதினேன், என் தவறையும் சேர்த்து. ஆறு மாதம் வெளி வேலைக்கு அனுப்பவில்லை. அது நியாயம்தான். அந்தப் பஸ் புது மூட்டுப் போட்டுச் சோதனையில் தேறிய பிறகே மறுபடி ஓடியது. ஞானமுத்து அதில் ஏறவில்லை. வேறு முதலாளியிடம் லாரி ஓட்டப் போனார். ஆவணிக் கடைசியில் தங்கம்மைக்குப் பெண் குழந்தை பிறந்ததாக ஞானமுத்துதான் எனக்கு எழுதினார். நான் போய்ப் பார்க்கவில்லை. போக முகம் இல்லை.

இன்று எனக்குக் கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டை வறுக்கும் கூடங்களின் புகைக்குழாயைப் பார்ப்பதும் வேலை. ஒரு கூடத்தை நிறுத்தினால் நூறு பெண்களுக்கு வேலை இல்லை. அவர்கள் வாசலை மறித்து நிற்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் வேலையில் உத்தரவு எழுதுவது சுலபம், அதைப் பையிலிருந்து வெளியே எடுப்பதுதான் கஷ்டம் என்று அப்போதெல்லாம் தோன்றும்.

இனி, அந்த வழி போகிறவர்களுக்கு. இப்போது பெரும்பாலும் பெட்ரோல், டீசல் வண்டிகள்தான். நெய்யூருக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். கட்டணம் அரை அணா கூடியிருக்கிறது. திங்கட்கிழமையைத் தவிர்த்தால் உட்கார இடம் கிடைக்கும். காப்பிக்குத் தக்கலை நல்லது. நெய்யூரிலிருந்து மணவாளக்குறிச்சி வழியாக முட்டம் ஆறு மைலுக்குள்தான். மழை இல்லாவிட்டால் நடக்கலாம், கடைசி மைல் கடற்காற்று வாங்கிக்கொண்டே போகலாம். பழைய கரி வண்டி எங்காவது அகப்பட்டால் முன் பெஞ்சில் உட்காருங்கள். மழை பெய்தாலும் ஒரு பக்கப் படுதாவைத் தூக்கி வையுங்கள். நனைந்த சட்டை காய்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் பகலில் தூங்கி வழிந்தால் தட்டி எழுப்புங்கள். தலை வலித்தால் உடனே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். நாற்பது பேர் முறைப்பார்கள். முறைக்கட்டும். அடுத்த ஊர் வரட்டும் என்று மட்டும் இருக்காதீர்கள்.