கீழ்த் தொட்டியில் ஒரு புரட்டாசி

எங்கள் வீட்டு நாள்காட்டியின் புரட்டாசி முதல் தேதித் தாளை நான் தூக்கிப் போடவில்லை. அதன் ஓரத்தில் மனைவியின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "தம்பி வந்தான். உடாங் லிப்பான் ஒன்று. உயிரோடு. சமைக்க முடியாது." தேதி குறித்து வைப்பது என் பழக்கம். அவள் எழுதியது அந்த ஒரு முறைதான்.

உடாங் என்றால் மலாயில் இறால், லிப்பான் என்றால் பூரான். பூரானைப் போலவே பட்டை பட்டையான உடலும், நெஞ்சுக்குக் கீழே மடக்கி வைத்த முள்வரிசைக் கையும் உள்ள பெரிய இறால் அது. ஒன்றோடு ஒன்று வெட்டிக்கொள்ளும் என்பதால் தனித்தனி போத்தலில் வைத்து விற்பார்கள். என் மச்சான் கிள்ளானில் இருக்கிறான். அங்கே படகுத்துறையில் வாங்கி, போத்தலோடு பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"புரட்டாசி நாளைக்குத்தானேக்கா?"

"இன்னைக்குடா. காலையிலேயே பொறந்துடுச்சு. மாசம் பூரா இந்த வீட்டுல கவிச்சி மேல கத்தி படாது."

"அப்ப மாமா தொட்டியில போட்டு வைங்க. ஐப்பசி முதல் ஞாயிறு வந்து நானே சமைக்கிறேன். அதுவரைக்கும் கொழுக்கட்டும்லா."

கூடத்தில் எனக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி உண்டு. மேலே இரண்டு கோமாளி மீன்கள். அலமாரிக் கதவுக்குப் பின்னே, கீழே, தண்ணீரை வடிகட்டித் திருப்பி அனுப்பும் சின்னத் தொட்டி. மேலே விட்டால் மீன்கள் பிழைக்காது. அதனால் கீழ்த் தொட்டியில் மணல் கொட்டி, ஒரு பைப் துண்டைக் கண்ணாடியை ஒட்டிச் சாய்த்துப் புதைத்து, அதை இறக்கிவிட்டேன். பாறைகளோடு எப்போதோ வந்து சேர்ந்த கண்ணாடி நிறச் சிற்றிறால்கள் சில அங்கே ஏற்கெனவே இருந்தன. அவற்றை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

இந்த இனத்தைப் பற்றிப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். பெரும்பாலும் சிப்பியை ஒரே குத்தில் உடைக்கும் வண்ண வகையைத்தான் புகழ்ந்து எழுதுகிறார்கள். எங்களுடையது சேற்று நிறம், குத்திப் பிடிக்கும் வகை. பைப் வாயில் கண்கள் மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும். ஒரு கண் என்னைப் பார்க்கும்போது மற்றது தண்ணீர் ஏற்றும் பம்பைப் பார்க்கும். ஒவ்வொரு கண்ணும் தனியாகவே தூரத்தை அளந்துவிடுமாம். அலமாரிக் கதவைத் திறந்து வைத்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் எனக்குப் பொழுது போவது தெரியாது. மூங்கில் குச்சியில் இறால் துண்டை நீட்டுவேன். கை வெளியே வந்ததை நான் ஒரு முறைகூடக் கண்ணால் பிடித்ததில்லை. குச்சியில் துண்டு இருக்காது, அவ்வளவுதான்.

அந்த இறால் துண்டுதான் பிரச்சினை. புரட்டாசியில் குளிர்பெட்டிக்குள் அதை வைக்க மனைவி விடவில்லை. பால்கனியில் ஒரு ஐஸ் பெட்டி, அதற்கென ஒரு கத்தரிக்கோல், தீனி போட்டதும் எனக்குக் குளியல் என்று ஏற்பாடானது.

"நாம சாம்பார் சாப்பிடுறோம். துரைக்கு மட்டும் தினம் இறாலு" என்றாள்.

சனிக்கிழமை வந்ததும் அதுவும் நின்றது. "பெருமாளுக்குத் தளிகை போடுற நாள்ல அதெல்லாம் வேணாங்க. இதுவும் விரதம் இருக்கட்டும்." ஒரு நாள் பட்டினியால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஒப்புக்கொண்டேன். அன்று விளக்கேற்றிவிட்டு அவளே வந்து கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். "என்னையே பாக்குது" என்றாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்தாள்.

மாதக் கடைசியில் அது பைப் வாயை மணலால் அடைத்துக்கொண்டது. குச்சியை நீட்டினால் அசைவில்லை. சட்டை உரிப்பதற்காக அடைத்திருந்தால் தொடக் கூடாது. அந்த நேரத்தில் கலைத்தால் செத்துவிடும். ஏற்கெனவே செத்திருந்தால் உடனே எடுக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே தண்ணீர், அழுகினால் மீன்களும் போகும். தினமும் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து சொட்டிப் பார்த்தேன். பச்சையாக மாறினால் கெட்டுப்போனதாக அர்த்தம். மஞ்சளாகவே இருந்தது. மனைவி முகர்ந்து பார்த்து, "நாத்தம் இல்லீங்க. விட்டுடுங்க" என்றாள்.

ஐப்பசி முதல் ஞாயிறு மச்சான் அரைத்த மசாலாவோடு வந்தான். கதவைத் திறந்தபோது மணல் விலகியிருந்தது. பைப் வாயருகே முழு உடம்பும் கிடந்தது: கை, வால், கண் எல்லாம்.

"போச்சே மாமா. முந்தியே சமைச்சிருக்கலாம்."

நான் பதில் சொல்வதற்குள் அதன் பின்னால், இருட்டிலிருந்து இரண்டு கண்கள் வந்தன. ஒன்று மச்சானைப் பார்த்தது. வெளியே கிடந்தது வெறும் கூடு.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கூட்டை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணின் உறையைக்கூடத் தொட்டுப் பார்த்தான். பிறகு அவன் புத்தி வேலை செய்தது.

"அப்ப உள்ள இருக்கிறது மெத்துனு இருக்குமே. தோலே உரிக்க வேணாம்லா. இதுதான்கா சரியான நேரம்."

"எந்திரிடா" என்றாள் மனைவி.

"ஏன்? புரட்டாசி முடிஞ்சிடுச்சே."

"சனிக்கிழமை தவறாம என்கூட விரதம் இருந்திருக்கு. அதைப் போய் அறுக்கச் சொல்றியா? நீ ஒரு சனிக்கிழமை இருந்திருப்பியா?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் கோமாளி மீன்களைப் பார்த்தேன். "எல்லாம் சாமியாரு ஆயிட்டீங்க" என்று சொல்லி, மசாலாவைத் தௌ என்னும் சோயாக் கட்டியில் பிரட்டிப் பொரித்து அவனே பாதிக்கு மேல் சாப்பிட்டான். கூட்டைக் கிள்ளானுக்கு எடுத்துப் போனான்.

அது இன்னும் கீழ்த் தொட்டியில்தான் இருக்கிறது. சனிக்கிழமை தீனி இல்லை என்ற ஏற்பாடும் மாறவில்லை. ஒன்றை மட்டும் இங்கே குறிக்க வேண்டும். அந்தக் கண்ணாடி நிறச் சிற்றிறால்கள் ஒன்றுகூட இப்போது கண்ணில் படுவதில்லை. அவை எந்தக் கிழமைகளில் காணாமல் போயின என்பதை நான் கவனித்து எழுதி வைக்கவில்லை. ஆகவே, எங்கள் உடாங் லிப்பான் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம் இருந்தது என்பது இதுவரை உறுதிசெய்யப்படாத தகவல். மனைவியிடம் இதை நான் சொல்லவில்லை.